ரெய்க்யவிக் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

ஐஸ்லாந்து போகிற பலர் அதன் தலைநகரை இரவு தங்கும் இடமாக மட்டுமே கணக்கில் வைக்கிறார்கள். சின்ன ஊர்தானே, ஹால்கிரிம்ஸ் தேவாலய வாசலில் ஒரு படம் எடுத்துவிட்டு அருவி பார்க்கக் கிளம்பிவிடலாம் என்று நினைப்பு. அவசரப்படாதீர்கள். 74.5 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தில் லிஃப்டில் மேலே போனால், பல வண்ணத் தகரக் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் கடலும், எதிரே எஸ்யா மலையும் தெரியும். அந்த ஒரு காட்சிக்கே அரை நாள் ஒதுக்கலாம்.

அந்த ஊர் மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நீச்சல் குளத்துக்குப் போங்கள். நமக்கு டீக்கடை எப்படியோ, அவர்களுக்கு வெந்நீர்த் தொட்டி அப்படி. 1937-இல் திறந்த சுந்த்ஹாலின் குளம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. அங்குள்ள வெந்நீர்த் தொட்டிகளில் நிலத்தடிச் சூட்டில் காய்ந்த நீர், 38 டிகிரிக்கு மேல். கழுத்தளவு அமிழ்ந்தபடி அரசியல் பேசுவார்கள்.

நம்மவர்கள் தடுமாறுவது அதற்கு முந்தைய அறையில்தான். உடையெல்லாம் களைந்து, சோப்புப் போட்டுக் குளித்து, அதற்குப் பிறகே நீச்சல் உடை அணிந்து குளத்தில் இறங்க வேண்டும். எங்கெங்கே தேய்க்க வேண்டும் என்று தலை, அக்குள், இடுப்புக்குக் கீழே, பாதம் எல்லாம் சிவப்பில் குறித்த படம் சுவரில் இருக்கும். குளத்தில் குளோரின் குறைவாகத்தான் போடுகிறார்கள். நம் உடம்பு அழுக்கோடு போனால் கெடுவது எல்லோருடைய தண்ணீர். கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. ஏய்த்துவிட்டு மட்டும் இறங்காதீர்கள்.

புளூ லகூன் என்ற பிரபலமான வெந்நீர்க் குளம் ஊருக்குள் இல்லை. வெளிநாட்டு விமானங்கள் வந்து இறங்கும் கெப்லாவிக் விமான நிலையப் பக்கம், ஸ்வார்ட்செங்கி நிலவெப்ப மின் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. விமானம் ஏறப் போகும் நாளில் பார்ப்பது வசதி. 2023 கடைசியிலிருந்து அந்தப் பகுதியில் அடிக்கடி எரிமலை வெடிப்பதால், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விமான நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர், ரயில் கிடையாது. ஊருக்குள் இருக்கும் சிறிய விமான நிலையத்தைப் பார்த்து ஏமாந்து, அதன் பக்கத்தில் அறை எடுத்துவிடாதீர்கள்.

குடிக்கத் தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண் செலவு. குழாயில் வரும் குளிர்ந்த நீர் அருமையானது. வெந்நீரில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அது நிலத்தடிக் கந்தகம், குளிக்கப் பயப்பட வேண்டாம். குடிக்கப் பிடிக்கும்போது மட்டும் குளிர்ந்த நீரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

குடை வேண்டாம்; காற்று முறித்துவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி. வாடகைக் கார் எடுத்தால் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். காற்று கதவைப் பிடுங்கினால், பல காப்பீடுகள் அந்தச் சேதத்துக்குப் பணம் தராது.

ஜூனில் போய், இரவு வானில் தெரியும் துருவ ஒளியைத் தேடாதீர்கள், அப்போது இருட்டே வராது. செப்டம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஊரை ஒட்டிய மேற்கு முனையில் குரோட்டா கலங்கரை விளக்கத்தருகே வெளிச்சம் குறைவு, அங்கே நின்று பார்க்கலாம். கலங்கரை விளக்கம் வரை நடந்து போவதானால் முதலில் கடல் ஏறி வற்றும் நேரம் பாருங்கள். கடல் ஏறினால் திரும்பும் பாதை மூழ்கிவிடும், மறுபடி வற்றும்வரை குளிரில் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.