ஒரு போசணை ஆய்வாளரின் சொல்லுக்கு எவ்வளவு எடை? நாமே பார்ப்பது எப்படி

உப்புவெளியில் இருக்கிற மாமாவுக்கு ஆறு வருசமாகச் சீனி வருத்தம். போன மாதம் வாட்ஸ்அப்பில் வந்த காணொளி ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டு, "இவர் எச் இன்டெக்ஸ் அறுபது உள்ள ஆய்வாளராம், சோற்றை அடியோடு விடச் சொல்லுறார், விடவா?" என்று கேட்டார். சாப்பாட்டை மாற்றுவதைக் கிளினிக்கில் கேளுங்கோ மாமா, அந்த அறுபது என்ன என்று நான் பார்த்துச் சொல்லுறன் என்றேன். அன்று இரவு செய்ததைத்தான் எழுதுகிறேன். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற தம்பி தங்கைமார் மேற்பார்வையாளர் தேடும்போதும் இதே வழிதான்.

முதலில் ஆள் சரியான ஆளா என்று பாருங்கள். நம் பெயர்களில் இது பெரிய தலையிடி: ஒரு கட்டுரையில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னுக்கு, இன்னொன்றில் முழுப்பெயராகப் பின்னுக்கு, கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று ஒரே ஆள் மூன்று பேராகப் பதிவாகியிருப்பார். ஒரே பெயருள்ள நாலு பேரின் கட்டுரைகள் ஒருவர் கணக்கில் சேர்ந்து கிடப்பதும் உண்டு. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்க 2012 இல் தொடங்கிய ஓர்சிட்டில் (ORCID) 16 இலக்க எண் இருந்தால் அதைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்துச் சரிபாருங்கள்.

பிறகு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலர். எச் இன்டெக்ஸ் என்பது ஒருவரின் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எவ்வளவு எடுத்துக்காட்டுகின்றன என்று அளக்க, 2005 இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவரின் ஆறு கட்டுரைகள் 30, 14, 9, 5, 4, 1 என்று மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 4, ஏனென்றால் நாலு கட்டுரைகளுக்காவது நாலோ அதற்கு மேலோ மேற்கோள் இருக்கிறது, ஐந்துக்கு ஐந்து இல்லை. அவ்வளவுதான். இந்த எண் வயதோடு ஏறும், குறையவே குறையாது, அதனால் இருபத்தெட்டு வயது ஆய்வாளரையும் ஓய்வுபெறப் போகிற பேராசிரியரையும் இதை வைத்து ஒப்பிடுவது அநியாயம். ஸ்கோப்பஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தரவுத்தளத்தில் அதே ஆளுக்குப் பெரும்பாலும் குறைவாகக் காட்டும், எண்ணைச் சொல்லும்போது எங்கே பார்த்தது என்றும் சொல்லுங்கள்.

போசணை, அனுசேபம், உடற்பயிற்சி உடற்றொழிலியல் ஆகிய துறைகளில் எண்ணை மட்டும் நம்பவே முடியாது. பல பேர் கையெழுத்திட்ட பரிந்துரை அறிக்கைகளும் மீளாய்வுக் கட்டுரைகளும் மேற்கோளை அள்ளிக் குவிக்கும், ஆனால் பத்துப் பேரின் தொடைத் தசையில் ஊசி போட்டு மாதிரி எடுத்து மாதக்கணக்கில் அளந்த வேலை அமைதியாகக் கிடக்கும். ஆகவே அதிக மேற்கோள் பெற்ற ஐந்து கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். ஆய்வு மனிதரிலா எலியிலா, எத்தனை பேர், இவர் பெயர் முதலிலா கடைசியிலா என்று பாருங்கள். முதலில் இருந்தால் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசியில் என்றால் ஆய்வுகூடத்தின் தலைவர்.

ஆட்கள் குறைவு என்று உடனே தள்ளிவிட வேண்டாம். 1981 இல் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் ஒவ்வொரு உணவையும் 5 முதல் 10 பேருக்குக் கொடுத்து, 62 உணவுகள் இரத்தத்தில் சீனியை எவ்வளவு ஏற்றுகின்றன என்று அளந்தார்கள். கிளைசீமிக் இன்டெக்ஸ் அங்கேதான் பிறந்தது. 1953 இல் ஜெரமி மொரிஸ் குழு இலண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் உட்கார்ந்தே இருக்கும் சாரதிகளைவிட, படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று காட்டியது. காலையில் டச்சுக்குடாக் கரையில் நடக்கச் சொல்லி டொக்டர் எழுதிக்கொடுக்கிறாரே, அந்த அறிவுரையின் வேர் அதுபோன்ற ஆய்வுகளில்தான் இருக்கிறது. தாக்கம் என்று நான் மதிப்பது இதைத்தான். இதைத் தேட, கட்டுரைக்குக் கீழே இருக்கிற மேற்கோள் எண்ணை அழுத்தி, யார் எதற்காக எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பத்தையாவது வாசியுங்கள். சிலர் மறுப்பதற்காகவே காட்டியிருப்பார்கள், எண்ணில் அதுவும் ஒன்றாகத்தான் ஏறும்.

இன்னொன்று, கட்டுரை மீளப்பெறப்பட்டதா என்று மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டில் பாருங்கள், பெறப்பட்டிருந்தால் பெரும்பாலும் பக்கத்தின் மேலேயே போட்டிருக்கும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் உணவுப் பழக்க ஆய்வில் பெரும் புகழோடு இருந்தவர். 2018 செப்டம்பரில் ஜாமா (JAMA) குழும மருத்துவ இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை மீளப்பெற்றன. மேற்கோள்களோ அப்படியே கணக்கில் நின்றன.

சரி, மாமாவின் ஆளுக்கு வருவோம். அறுபது உண்மைதான். ஆனால் நான் திறந்த ஐந்து கட்டுரைகளும் எலியின் தசையில் கொழுப்பு எரிவதைப் பற்றியவை, பட்டியல் முழுக்கத் தேடியும் சோறு பற்றி ஒன்றும் இல்லை. அதைச் சொன்னதும் மாமா, "அப்ப எங்கட சோற்றைப் பற்றி ஆர் எழுதியிருக்கினம்?" என்று கேட்டார். பப்மெட்டில் கிளைசீமிக் இன்டெக்ஸ், ஸ்ரீலங்கா என்ற சொற்களை ஆங்கிலத்தில் போட்டோம். இங்கே சோற்றையும் பாணையும் அளந்த கட்டுரைகள் வந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதலாவதைத் திற" என்றார் மாமா.