பழைய கிராமபோன் வாங்கப் போகிறீர்களா? புனலை விடுங்கள், பெட்டியைத் திறங்கள்

கண்காட்சி மேசையில் பளபளவென்று பித்தளைப் புனலோடு ஒரு கிராமபோன் இருந்தால் கூட்டம் அங்கேதான் கூடும். விலையும் அதற்குத்தான் அதிகம் சொல்வார்கள். ஆனால் நம் பக்கம் விற்பனைக்கு வருகிற பித்தளைப் புனல் கிராமபோன்களில் பெரும்பாலானவை பழையவையே அல்ல. சுற்றுலாப் பயணிகளுக்காக வட இந்தியப் பட்டறைகளில் சேர்த்துக் கட்டியவை. உள்ளே ஏதோ ஒரு பழைய சூட்கேஸ் கிராமபோனின் மோட்டார் இருக்கும். மரப்பெட்டி, புனல், எச்எம்வி கம்பெனியின் நாய்ப்படம் எல்லாம் புதுசு. அதே மேசைக்குக் கீழே, கறுப்புத் துணி ஒட்டிய சூட்கேஸ் ஒன்று தூசி படிந்து கிடந்தால் அதை முதலில் எடுத்துப் பாருங்கள்.

எங்கே தேடுவது

கிராமபோனுக்கென்றே தனிக் கண்காட்சி தேடி அலைய வேண்டாம். மதுரையில் நாணயம், தபால்தலைக் கண்காட்சி போட்டால் அங்கே ஓரத்து மேசைகளில் ஒன்றிரண்டு வரும். நிறையப் பார்க்க வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள்தான். பர்மா, மலாயா என்று போய் வந்த நகரத்தார் வீடுகளின் சாமான்கள் அங்கே வந்து சேர்கின்றன. இசைத்தட்டு வணிகத்துக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. படத் தயாரிப்புக்கு வருமுன் ஏவி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் கம்பெனி இசைத்தட்டுகளை விற்றவர்.

வாங்குவதற்கு முன் அசல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. தேனி, குமுளி வழியாக மலையிறங்கினால் கோட்டயம் மாவட்டத்துப் பிளாசனாலில் ‘டிஸ்க்ஸ் அண்ட் மெஷின்ஸ்’ என்ற கிராமபோன் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு பகல் அங்கே நின்று பார்த்தால் போலியைத் தூரத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

சின்ன டார்ச், காந்தம், பூதக்கண்ணாடி, ஒரு பொட்டலம் புது எஃகு ஊசி, உடைந்தாலும் மனசு நோகாத 10 அங்குல இசைத்தட்டு ஒன்று. தட்டு நீங்கள் பலமுறை கேட்டதாக இருக்கட்டும். அப்போதுதான் ஓசையில் உள்ள குறை தட்டுடையதா மிஷினுடையதா என்று புரியும். கடைக்காரர் வைத்திருக்கும் ஊசியையும் தட்டையும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது

புனலில் காந்தத்தை வையுங்கள். அந்தக் காலத்துப் புனல்கள் பெரும்பாலும் வண்ணம் பூசிய தகரம், காந்தம் ஒட்டும். ஆரம்ப கால அசல்களிலும் பித்தளை வாய் உண்டு என்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது. அடுத்து டோன் ஆர்ம், அதாவது ஊசிப் பக்கத்து ஓசையைப் புனலுக்குக் கொண்டுபோகும் குழாய்க் கை. அசலில் அது சவுண்ட் பாக்ஸ் (ஊசி மாட்டும் வட்டச் சிமிழ்) பக்கம் ஒடுங்கி, பின்னால் போகப் போக அகலும். போலியில் ஒரே பருமனான குழாயை வளைத்து வைத்திருப்பார்கள். ஆர்மை மெல்ல நகர்த்தி ஊசி முனையை, இசைத்தட்டின் ஓட்டை மாட்டும் நடுக் கம்பியான ஸ்பிண்டில் வரை கொண்டுபோங்கள். ஸ்பிண்டிலைத் தொட்டோ, கொஞ்சம் தாண்டியோ போக வேண்டும். ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் அந்த ஆர்ம் அந்தப் பெட்டிக்காகச் செய்ததல்ல. அப்படிப்பட்ட ஆர்மில் ஊசி, இசைத்தட்டுப் பள்ளத்தின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். பிறகு டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டை வைக்கும் சுழல்தட்டை, கழற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். “அண்ணே, தட்டைத் தூக்கி உள்ளே ஒரு பார்வை பாத்துக்கிறேனே” என்றால் நல்ல வியாபாரி மறுக்க மாட்டார். கீழே உள்ள பலகையில் தேவையில்லாத திருகு ஓட்டைகள் இருந்தால் மோட்டார் வேறு எங்கிருந்தோ வந்தது.

முதல் மிஷினாக என் சிபாரிசு எச்எம்வி 102 என்ற சூட்கேஸ் மாடல்தான். 1931இல் வந்து 1960 வாக்கில்தான் நின்றது. அதனால் உதிரி பாகம் கிடைக்கிறது. அதற்கு முந்தைய 101ம் (1925–31) நல்ல மிஷின். கொலம்பியா சூட்கேஸ்களும் குறைந்தவை அல்ல. ஆனால் கைப்பிடி தொலைந்திருந்தால் எடுக்காதீர்கள். சாவி கொடுக்கும் கைப்பிடியின் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் ஏறாது.

மோட்டார்

சாவியை முதலில் நாலைந்து சுற்று மட்டும் கொடுங்கள். கை உணர்கிற இறுக்கம் சீராகக் கூட வேண்டும். எவ்வளவு சுற்றினாலும் இறுக்கமே வராவிட்டால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. பிரேக்கை எடுத்துவிட்டு ஓட விடுங்கள். ‘டொக்... டொக்...’ என்று இடைவெளி விட்டு உள்ளே தட்டினால், ஸ்பிரிங் பெட்டியில் போட்ட கிரீஸ் காய்ந்து, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி விடுபடுகின்றன என்று அர்த்தம். இது சரிசெய்யக் கூடிய குறை. விலையில் தள்ளிக் கேளுங்கள். பெட்டி முழுக்க நடுங்கினால், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைச் சந்தேகப்படுங்கள். அதில் மூன்று எடைக்குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய பட்டை ஸ்பிரிங். ஒன்று முறிந்தாலும் சமநிலை போய்விடும்.

வேகம் நிமிஷத்துக்கு 78 சுற்று. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி எண்ணுங்கள்: 10 விநாடிக்கு 13, அரை நிமிஷத்துக்கு 39. ஊசி ஓடும்போதே எண்ண வேண்டும். ஊசி வைக்காத தட்டு வேகமாகத்தான் சுற்றும். முழுச் சாவிக்கு ஒரு 10 அங்குலப் பக்கம், அதாவது மூன்று நிமிஷத்துக்கு மேல், வேகம் குறையாமல் போக வேண்டும். கடைசி அரை நிமிஷத்தில் பாட்டு இழுத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டாருக்கு எண்ணெய் இல்லை.

சவுண்ட் பாக்ஸ்

விலையில் பாதியை இந்த வட்டச் சிமிழ் தீர்மானிக்க வேண்டும். பழைய எச்எம்வி எக்ஸிபிஷன், நம்பர் 4 போன்ற சவுண்ட் பாக்ஸ்களில் ஓசை எழுப்புவது மைக்காத் தகடு. 102இல் வரும் 5ஏ, 5பியில் அலுமினியத் தகடு. மைக்காவில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் ஏடு பிரிந்திருக்கிறது; ஓசை கரகரக்கும். அலுமினியத்தில் நசுங்கல் இருக்கக் கூடாது. ஊசி மாட்டும் கம்பியை விரல் நுனியால் மிக லேசாகத் தொட்டால் இம்மியளவு கொடுத்துத் திரும்ப வேண்டும். கல் மாதிரி நின்றால், தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுகிவிட்டது. இது எல்லாப் பழைய பெட்டியிலும் உள்ளதுதான். மெல்லிய, மிருதுவான புது ரப்பர் போட்டால் ஓசை திறந்துகொள்ளும்.

மாற்ற முடியாதது ஒன்று உண்டு. 5ஏயின் உடம்பு துத்தநாகக் கலவை வார்ப்பு. காலப்போக்கில் அந்த உலோகம் தானாகவே உப்பி, முடி போன்ற விரிசல்கள் விடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சிலந்திவலை மாதிரி கோடுகள் இருந்தால் திறக்க முயன்றாலே பொடிந்து போகும். மிஷின் எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்னொரு சவுண்ட் பாக்ஸின் விலையைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

ஊசி

ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. இதில் சமரசமே கிடையாது. 78 தட்டு அரக்கோடு கல்தூள் கலந்து அழுத்தியது. அந்தத் தூள் முதல் சில சுற்றிலேயே ஊசி முனையைப் பள்ளத்தின் வடிவத்துக்குத் தேய்த்துவிடும். பாட்டு முடியும்போது முனையின் இரு பக்கமும் உளி போல விளிம்பு கட்டியிருக்கும். அதே ஊசியை அடுத்த தட்டில் வைத்தால் உளி வேலை செய்யும். பள்ளம் சாம்பல் நிறமாக வெளுத்த தட்டுகள் எல்லாம் இப்படிப் போனவையே. சவுண்ட் பாக்ஸின் கனம் நூறு கிராமுக்கு மேல் என்பதால் பிற்காலத்து எல்பி (நெடுநேரம் ஓடும் பிளாஸ்டிக்) தட்டை இதில் வைக்கவே கூடாது. 1950களின் சினிமாப் பாட்டுத் தட்டுகளும் அதிக ஓசையோடு வெட்டப்பட்டவை, சீக்கிரம் தேயும். அவற்றை மின்சார டர்ன்டேபிளில் 78க்கான ஊசி போட்டுக் கேளுங்கள். (நம் நாட்டில் 78 தட்டு 1960களிலும் வந்தது; பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78இல் அச்சாயின. அதைத் தேடி வெளிநாட்டார் வருகிறார்கள்.)

எடிசன் கம்பெனி சாமான்கள் நம் பக்கம் அபூர்வம். கண்ணில் பட்டால் ஒன்று நினைவிருக்கட்டும்: கால் அங்குலத் தடிமனான எடிசன் டைமண்ட் தட்டில் பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்பட்டது; எஃகு ஊசி வைத்தால் தட்டு பாழ். பாட்டுப் பதிந்த மெழுகு உருளைகளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் அது துடைத்துப் போகிற அழுக்கல்ல, மெழுகையே தின்றிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் சாவி முழுவதும் தீரும்வரை ஓட விடுங்கள். அதன் பிறகுதான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். பழைய எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயும் பல்துலக்கும் பிரஷும் வைத்து எடுத்து, கவர்னரின் இரு முனைகளிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. கவர்னர் தட்டை உரசும் கம்பளித் துண்டும் எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். காய்ந்தால் கிறீச்சிடும், வேகமும் தடுமாறும். பல வீடுகளில் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்கள். மார்கழிக் காலையில் பாட்டிலில் அது என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பற்சக்கரத்திலும் அதுதான் ஆகும். ஸ்பிரிங் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். அடைத்து வைத்த சுருள் பாய்ந்து வந்தால் விரலைக் கிழித்துவிடும். பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து கிராஃபைட் கிரீஸ் போடச் சொல்லுங்கள்.

தட்டுகளைக் கழுவச் சாதாரணத் தண்ணீரும் ஒரு துளி சோப்பும் போதும். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். நிறுத்தியே அடுக்குங்கள். படுக்கப்போட்டு அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் அப்பளம் போல வளைந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருவதானால் கைப்பிடியைக் கழற்றித் தனியே துணியில் சுற்றுங்கள், சவுண்ட் பாக்ஸை எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள், டோன் ஆர்மை அதன் கொக்கியில் மாட்டுங்கள், டர்ன்டேபிள் ஆடாமல் ஒரு துண்டைத் திணித்து மூடியைப் பூட்டுங்கள். மேலே லக்கேஜ் பலகையில் வேண்டாம். மடியிலேயே வைத்துக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கிவிடலாம்.