சிபி ரேடியோவில் குரல் தெளிவாகப் போக: கை மைக்கில் ஒரு சின்ன மாற்றம்

சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் குறுந்தொலைவில் பேசிக்கொள்ளும் ரேடியோ) செட்டில் பேசினால் எதிர்முனையில் குரல் அடைத்த மாதிரிக் கேட்கிறதா? பெரும்பாலும் கோளாறு செட்டுக்குள் இல்லை, கையில் பிடித்திருக்கும் மைக்கில்தான். மைக்குக்குள் குரலைப் பிடிக்கும் பகுதிதான் கேப்ஸ்யூல்; மலிவான டைனமிக் (காந்தமும் சுருளும் உள்ள) கேப்ஸ்யூலை எடுத்துவிட்டு, சின்ன பேட்டரியில் ஓடும் ஓர் எலெக்ட்ரெட் கேப்ஸ்யூலை வைப்பதுதான் இங்கே நாம் செய்யப்போகும் வேலை. கோப்ரா 29 போன்ற, நான்கு பின் மைக் உள்ள ஏஎம் செட்டுகளுக்கு இது பொருந்தும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "செட்டைத் திறந்து லிமிட்டரை வெட்டிவிடு, சத்தம் அள்ளும்" என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். மாடுலேஷன், அதாவது குரல் ரேடியோ அலையை ஏற்றி இறக்கும் அளவு, எல்லை மீறாமல் தடுக்கும் சுற்றுதான் லிமிட்டர். அமெரிக்காவில் ஏஎம் சிபிக்கு அனுமதித்த கேரியர் (குரலைச் சுமந்து செல்லும் அலை) 4 வாட். 100 சதவீத மாடுலேஷனில் உச்சத்தில் அது 16 வாட்டைத் தொடும். அதற்கு மேல் அழுத்தினால், அலையின் கீழ்ப்பக்கத்தில் கேரியரே அறுந்துபோகிறது. அந்த வெட்டு விளிம்புகளிலிருந்து கிளம்பும் இரைச்சல், 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அடுத்த சேனலில் பேசுபவரின் காதில் போய் விழும். உங்கள் குரலும் கரகரத்துப் போகும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதிகளும் 100 சதவீதத்தைத் தாண்ட விடுவதில்லை. லிமிட்டர் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்திருக்கும் பட்டை 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்கச் செட்டின் 28-ஆம் சேனல் 27.285. அதாவது 28 முதல் 40 வரை இங்கே எல்லைக்கு வெளியே.

தேவையானவை: 9.7 மி.மீ. எலெக்ட்ரெட் கேப்ஸ்யூல், 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (துருவம் இல்லாத வகை), 1 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், ஹோல்டரோடு ஒரு சிஆர்2032 பேட்டரி, ஒரு குட்டி சுவிட்ச். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும்.

படி 1: மைக்கைச் செட்டிலிருந்து கழற்றி, பின்பக்கத் திருகுகளை எடுத்துத் திறங்கள். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கோப்ரா வகையில் 1-ஆம் பின் ஷீல்டு (தரை இணைப்பு), 2 ஆடியோ. பேசும்போது அழுத்தும் பட்டனை அழுத்தினால் 3-ஆம் பின் 1-உடன் சேரும், விட்டால் 4-ஆம் பின் சேரும். உங்கள் மைக் அப்படி இல்லையென்றால் முதலில் அதன் இணைப்பை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பழைய கேப்ஸ்யூலின் இரண்டு வயர்களையும் கழற்றுங்கள். ஷீல்டோடு சேருவது எது, ஆடியோ எது என்று குறித்து வையுங்கள்.

படி 3: புதிய கேப்ஸ்யூலின் பின்புறம் இரண்டு முனைகள் இருக்கும். உலோக உறையோடு ஒட்டியிருப்பது மைனஸ். சூடு பட்டால் கேப்ஸ்யூல் கெட்டுவிடும், அதனால் ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் இரும்பை வைக்காதீர்கள். 1 நானோஃபாரட் கெபாசிட்டரை இரு முனைகளுக்கும் குறுக்கே பற்றவையுங்கள். இதை விட்டுவிட்டால் உங்கள் செட்டின் 27 மெகாஹெர்ட்ஸ் அலையே மைக்குக்குள் புகுந்து ஊளையிடும்.

படி 4: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து சுவிட்ச், அதிலிருந்து 2.2 கிலோ ஓம், அங்கிருந்து கேப்ஸ்யூல் பிளஸ். அதே பிளஸ் முனையிலிருந்து 0.22 கெபாசிட்டர் வழியாக ஆடியோ வயர். பேட்டரி, கேப்ஸ்யூல் இரண்டின் மைனஸும் ஷீல்டு வயருக்கு.

அந்த 0.22-தான் இந்த வேலையின் உயிர்நாடி. செட்டின் மைக் உள்ளீடு சுமார் 600 ஓம் என்று வைத்துக்கொண்டால், 2.2 கிலோவோடு சேர்த்து 2.8 கிலோ ஓம். 0.22 போட்டால் ஏறக்குறைய 260 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் குறையத் தொடங்கும். பேச்சு புரிய வேண்டியது 300 முதல் 3000 வரைதான். 1 மைக்ரோஃபாரட் போட்டால் இந்த எல்லை 57-க்கு இறங்கி, லாரி எஞ்சின் உறுமலும் சேர்ந்தே போகும். கனத்த குரல்காரர்கள் 0.1 போட்டுப் பார்க்கலாம், மெல்லிய குரலுக்கு 0.47 நன்றாக இருக்கும்.

படி 5: புதிய கேப்ஸ்யூலைச் சுற்றி மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து, பழையது இருந்த குழியில் பொருத்தி மூடுங்கள்.

படி 6: ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் டம்மி லோடைச் செட்டில் மாட்டாமல் பட்டனை அழுத்தவே கூடாது. வேறொரு ரிசீவரை அடுத்த அறையில் வைத்து, அதன் சத்தத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். மைக் கெயினை (செட்டில் மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) பாதியில் வையுங்கள். வாயிலிருந்து நாலு விரல்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, "பத்துப் பச்சைச் சட்டை" போல ப, ச, ட நிறைந்த வாக்கியம் ஒன்றைப் படியுங்கள். ப-வில் காற்று வெடித்தால் ஸ்பாஞ்ச் போதவில்லை. ச கிழிந்து கேட்டால் கெயினைக் குறையுங்கள். அப்படியும் தீராவிட்டால் ஆடியோ வயரில் 4.7 கிலோ ஓம் ஒன்றைத் தொடராகச் சேர்த்து, கெபாசிட்டரை 0.1-க்கு மாற்றுங்கள். அப்புறம் ஆன்டெனாவை மாட்டி, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பரிடம் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள்.