மீட்டர் மீது சந்தேகமா? ஒரு பல்பு போதும்

வீட்டில் ஆள் கூடவில்லை, புதிய சாதனமும் வாங்கவில்லை. மின்கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை. ஆக, வயரிங்கில் கசிவு இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு 100 வாட் குண்டு பல்பை மட்டும் எரியவிட்டேன். யூனிட்டுக்கு 3200 துடிப்பு, அதாவது 3200 சிமிட்டல், என்று மீட்டர் முகப்பில் அச்சிட்டிருந்தது. 100 வாட் பல்பு ஒரு யூனிட் இழுக்க 10 மணி நேரம் ஆகும். அப்படியானால் சுமார் 11 விநாடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். எட்டு விநாடிக்கே சிமிட்டியது. வோல்டேஜ் கூடினால் பல்பும் கூடுதலாக இழுக்கும்தான், ஆனால் இவ்வளவு வித்தியாசம் வராது.

இந்தக் கணக்கோடு மின்வாரியத்தில் புகார் கொடுத்தேன். தயவுசெய்து வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சோதனை மீட்டரை இணைத்துப் பார்த்தவர்கள், பழையது வேகமாக ஓடுவதை உறுதிசெய்து மாற்றிவிட்டார்கள். கூடுதலாகக் கட்டிய தொகை அடுத்த பில்லில் கழிந்தது.