விளையாட்டுக்கும் தொழிலுக்கும் எந்தப் புரொசசர்: டெஸ்க்டொப்பையும் சேர்வரையும் ஒப்பிடும் முறை

பதினான்கு கோர் (புரொசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்ட பாவித்த சேர்வர் புரொசசரும், அதற்கேற்ற மதர்போர்டும், 32 ஜிபி ரேமும் ஒரே தொகுதியாக மலிவு விலையில் கிடைக்கும் என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ முதற் கணினிக்காகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் ஒருவர் அதைக் கடந்து போவது எளிதல்ல. தரவு நிலையங்கள் தங்கள் இயந்திரங்களைப் புதுப்பிக்கும்போது கழித்துவிடும் இன்டெல் ஸியோன் புரொசசர்களே பெரும்பாலும் இவ்வாறு சந்தைக்கு வருகின்றன. அவை தரம் குறைந்தவை அல்ல. வேறொரு வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை. விளையாட்டு முதன்மை என்றால் டெஸ்க்டொப் புரொசசரையே வாங்க வேண்டும், மிக அதிக ரேமோ பல விரிவாக்க அட்டைகளோ உண்மையாகவே தேவைப்படுபவர் மட்டும் சேர்வர் பக்கம் போகலாம் என்பது என் முடிவு. உங்கள் வேலை இவற்றில் எந்தப் பக்கம் சேரும் என்பதை நீங்களே அளந்து அறிந்துகொள்ளலாம்.

இப்போது கையிலிருக்கும் கணினி எவ்வளவு பழையதாயினும் அளவெடுக்க அதுவே போதும். விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து, சிபியூ வரைபடத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்குச் செய்து, லொஜிக்கல் புரொசசர்கள் தனித்தனியே தெரியும்படி மாற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைப் பத்து நிமிடமாவது செய்யுங்கள். எல்லாக் கட்டங்களும் உச்சியைத் தொட்டு நின்றால் உங்கள் மென்பொருள் கோர்களை முழுமையாகப் பயன்படுத்துகிறது. கோர்களைக் கூட்டினால் பலன் உண்டு. ஒன்றிரண்டு மட்டும் உயர்ந்து ஏனையவை தாழ்ந்து கிடந்தால் கோர்களைக் கூட்டுவது வீண் செலவு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே திரெட்டில் (வரிசையாக ஓடும் ஒற்றைக் கட்டளைத் தொடரில்) ஓடும் வேலையை விண்டோஸ் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், எந்தக் கட்டமும் நிரம்பாதது போலத் தோன்றலாம். எட்டுத் திரெட்டை ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய கணினியில் மொத்தப் பாவனை 12 அல்லது 13 சதவீதத்திலேயே தேங்கி நின்றால், ஒரே ஒரு திரெட் தன் முழுவலுவோடு உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

விளையாட்டுக்கு இன்னொரு சோதனை உண்டு. வினாடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) கிடைக்கிறது என்று குறித்துக்கொண்டு, திரையின் ரெசொலூஷனை 720பி அளவுக்குக் குறைத்து அதே இடத்தை மீண்டும் விளையாடிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் தடை கிராஃபிக்ஸ் கார்டில்தான் இருந்திருக்கிறது. புரொசசரை மாற்றத் தேவையில்லை. எண்ணிக்கை அசையாமல் நின்றால் தடை புரொசசரில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தனிக் கோரின் வேகத்தில்.

கோர்களைக் கூட்டுவதால் மட்டும் ஏன் வேகம் கூடுவதில்லை என்பதை 1967ஆம் ஆண்டிலேயே கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் விளக்கிவிட்டார். பங்கிட்டுச் செய்யக்கூடிய பகுதியை எத்தனை கோர்களுக்கும் பங்கிடலாம். வரிசையாகவே செய்ய வேண்டிய பகுதி ஒரு கோரின் கையில்தான் இருக்கும். மலையில் ஆட்களைக் கூட்டினால் கொழுந்து விரைவாகச் சேரும், ஆனால் தொழிற்சாலையில் அந்தக் கொழுந்து வாடுவதற்கு எடுக்கும் நேரம் ஆட்களைக் கூட்டுவதால் குறையாது. ஒரு வேலையில் 60 சதவீதம் மட்டுமே பங்கிடக்கூடியது என்று வையுங்கள்: ஆறு கோர் அதை 2 மடங்கு வேகமாக்கும், பதினான்கு கோர் 2.26 மடங்குதான் ஆக்கும். எட்டுக் கோர் கூடுதலாகக் கிடைத்தும் வித்தியாசம் இவ்வளவே. ஆறு கோர் புரொசசரின் ஒவ்வொரு கோரும் சற்று வேகமானதாக இருந்தாலே அது முந்திவிடும். பெரும்பாலான விளையாட்டுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அதே கணக்கை 98 சதவீதம் பங்கிடக்கூடிய முப்பரிமாண ரெண்டரிங் (மாதிரியிலிருந்து படத்தை உருவாக்கும்) வேலைக்குப் போட்டால் ஆறு கோருக்கு 5.45, பதினான்கு கோருக்கு 11.1 என்று வருகிறது. சேர்வர் புரொசசர் தன் பெருமையைக் காட்டும் இடம் அதுதான்.

இனி விவரப் பட்டியலை வாசிக்கும் முறைக்கு வருவோம். கோர்களின் எண்ணிக்கையை முதலில் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, எந்த ஆண்டின் வடிவமைப்பு, தனிக் கோரின் உச்ச வேகம் என்ன, எல்லாக் கோர்களும் உழைக்கும்போது அந்த வேகம் எவ்வளவுக்கு இறங்கும், கேச் (புரொசசருக்குள்ளேயே உள்ள சிறிய, வேகமான நினைவகம்) எவ்வளவு என்ற வரிசையில் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 2016இல் வந்த ஸியோன் ஈ5-2680 வி4 புரொசசருக்கு 14 கோர், 28 திரெட், 35 எம்பி எல்3 கேச் உண்டு. அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.3, ஆனால் எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும்போது அது 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். மின்தேவை 120 வாட். 2022இல் வந்த, ஏஎம்டி நிறுவனத்தின் டெஸ்க்டொப் வகையான ரைசன் 5 5600 புரொசசருக்கு 6 கோர், 12 திரெட், 32 எம்பி கேச், 4.4 கிகாஹெர்ட்ஸ் உச்சம், 65 வாட். அதோடு, ஒரே கிகாஹெர்ட்ஸ் வேகத்திலும் புதிய வடிவமைப்பு ஒரு சுற்றில் அதிகக் கட்டளைகளை முடிக்கிறது. இவை எல்லாம் சேரும்போது, ஆறு கோர் ரைசன் விளையாட்டில் தெளிவாக முந்துவதோடு, கோர்கள் அனைத்தையும் பயன்படுத்தும் பல வேலைகளிலும் பதினான்கு கோர் ஸியோனுக்குச் சமமாக வந்துவிடுகிறது. ஆறு ஆண்டு இடைவெளி எட்டுக் கோர்களை விழுங்கிவிட்டது.

கேச் அளவையும் எண்ணை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. ஸியோனின் 35 எம்பி பெரிதாகத் தெரிந்தாலும் அதை எட்டும் தாமதம் அதிகம். விளையாட்டுக்கென்றே கேச்சை அடுக்காக ஏற்றிய ரைசன் 7 5800எக்ஸ்3டி 2022இலும், 7800எக்ஸ்3டி 2023இலும், 9800எக்ஸ்3டி 2024இலும் வந்தன. மூன்றிலும் எட்டுக் கோர்தான், எல்3 கேச் 96 எம்பி. எட்டுக் கோர் கொண்ட இவை விளையாட்டில் 96 கோர் கொண்ட, ஏஎம்டியின் சேர்வர் வகையான எபிக் 9654 புரொசசரை விட உகந்தவை, ஏனெனில் 360 வாட் எடுக்கும் அந்த எபிக்கின் உச்ச வேகமே 3.7 கிகாஹெர்ட்ஸ்தான்.

பழைய சேர்வர் புரொசசரில் விளையாட நினைப்பவர் வேகத்துக்கு அப்பாலும் சில தடைகளை அறிந்திருக்க வேண்டும். பெயரின் இறுதியில் வி2 என்று இருக்கும் ஈ5 வகைகளிலும், எதுவும் இல்லாத முதல் தலைமுறையிலும் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வசதி) இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய விளையாட்டுகள் அவற்றில் தொடங்கவே மாட்டா. வி3, வி4 ஆகியவற்றில் அது உண்டு. ஆனால் விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைகள் எதையும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலரண்ட் விளையாட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய போர்டுகள் பலவற்றில் அது இல்லை. இரண்டு புரொசசர் பூட்டும் போர்டு விளையாட்டுக்கு இன்னும் பொருந்தாது: ஒரு புரொசசர் மற்றதன் ரேமை எட்ட வேண்டிய போதெல்லாம் தாமதம் கூடும், விண்டோஸின் ஹோம் பதிப்போ இரண்டாவது புரொசசரைக் கண்டுகொள்ளாது.

தொழிலுக்கான கணினி என்று சொல்லும்போது நம் ஊர்களில் அது பெரும்பாலும் காணொளித் தொகுப்புத்தான். திருமணங்களையும் தேர்த் திருவிழாக்களையும் காமன் கூத்தையும் பதிவு செய்து தொகுப்பவர்களே நகரத்துக் கடைகளில் அதிக வலுவுள்ள கணினியைத் தேடுகிறார்கள். அவர்களுக்குத்தான் பதினான்கு கோர் ஸியோன் அதிகமாகப் பரிந்துரைக்கப்படுகிறது என்பது எனக்குக் கவலை தருகிறது. இன்றைய கமராக்கள் பல நிற விவரம் அதிகமாக உள்ள, இறுக்கமாகச் சுருக்கப்பட்ட 10 பிட் 4:2:2 எச்.265 வடிவத்தில் பதிகின்றன. இதைத் திரையில் தடங்கலின்றி ஓட்டுவதற்கு அதற்கென்றே உள்ள வன்பொருள் தேவை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதலான டெஸ்க்டொப் புரொசசர்களில் உள்ள கிராஃபிக்ஸ் பகுதி அதைச் செய்யும். என்விடியாவின் கார்டுகளில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி சேர்க்கப்பட்டது. ஸியோன் ஈ5 வகைகளில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் எதுவும் இல்லை. ஆகவே கோர் ஐ5-12400 போன்ற எளிய டெஸ்க்டொப் புரொசசர் இவ்வேலையில் பழைய பதினான்கு கோரை விட இலகுவாக ஓடும். அதே பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் கிராஃபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டது என்று பொருள். தொகுப்பாளர்கள் சிறிது பணத்தை மிச்சப்படுத்த அந்த எஃப் வகையை வாங்கிவிட வேண்டாம்.

சேர்வர் வகையே சரியானது என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. ஈ5 வி4 நான்கு வழி ரேமைக் கையாள்வதால் டிடிஆர்4-2400 ரேமில் வினாடிக்கு 76.8 ஜிபி வரை கடத்தும். டிடிஆர்4-3200 போட்ட இருவழி டெஸ்க்டொப்புக்கு அது 51.2 ஜிபி. ரேம் அளவிலும், ரைசன் 5000 வரிசை 128 ஜிபியோடு நின்றுவிட, சேர்வர் அதைப் பல மடங்கு தாண்டும். அதில் ரெஜிஸ்டர்ட் ஈசிசி ரேமையும் (பிழைகளைத் தானே திருத்தும் சேர்வர் ரேம்) பயன்படுத்தலாம். பேராதனையிலோ ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ பயின்றுகொண்டு பல மெய்நிகர் கணினிகளை ஒரே நேரத்தில் இயக்கிப் பழகுபவருக்கும், டிரோன் படங்களை இணைத்து மலைச்சரிவின் முப்பரிமாண வரைபடம் செய்பவருக்கும், நாட்கணக்கில் நிற்காமல் ஓடும் கணக்கீடுகளைச் செய்பவருக்கும் இது பொருந்தும். வசதி உள்ளவருக்கு இடைப்பட்ட வழியாக ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் உண்டு. 64 கோர் கொண்ட 7980எக்ஸ் 5 கிகாஹெர்ட்ஸையும் தாண்டும், ஆனால் அதன் விலையில் நல்ல டெஸ்க்டொப் கணினிகள் பல வாங்கலாம். 16 கோர் போதுமானவருக்கு ரைசன் 9 7950எக்ஸ் வேலை, விளையாட்டு இரண்டையும் தாங்கும்.

விலையை ஒப்பிடும்போது மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரு கணினி மற்றதை விட 80 வாட் அதிகமாக எடுத்து, நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால், முப்பது நாளில் 24 அலகு கூடும். வீட்டுப் பாவனையில் மாதம் 60 அலகைத் தாண்டாதவருக்கும் தாண்டுபவருக்கும் கட்டண அமைப்பு வேறு என்பதால், லயன் வீடொன்றில் அந்த 24 அலகே மொத்தக் கட்டணத்தை உயர்ந்த படிக்குத் தள்ளிவிடக்கூடும். 650 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவில்தான் தாங்கும். இரண்டு ஸியோனும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் அது போதாது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமின்னல் வரும்போது யூபிஎஸ்ஸையே நம்பியிராமல் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும், தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணைய இணைப்பையும் சேர்த்து. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைவதால் விசிறி சற்றுக் குறைவாகவே வெப்பத்தை அகற்றும், ஆனால் குளிர் அதை ஈடுசெய்துவிடும். ஈரமும் அடுப்புப் புகையும் சேர்ந்து ஹீட்சிங்கில் படியும் அழுக்கே உண்மையான தொல்லை.

பாவித்த சேர்வர் புரொசசரை வாங்குவதென்று முடிவெடுத்தால், பெயர் தெரியாத போர்டு உள்ள தொகுதியை விட, எச்பி இசட்440 போன்ற முழுமையான வேர்க்ஸ்டேஷனைத் தேடுங்கள். அதன் பவர் சப்ளை அந்நிறுவனத்துக்கே உரிய வடிவம் என்பதால் பழுதானால் சாதாரணக் கடைப் பொருள் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எபிக் அல்லது த்ரெட்ரிப்பர் ப்ரோ வாங்குபவர், அது முன்பு எந்த நிறுவனத்தின் போர்டில் இருந்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும், ஏனெனில் சில நிறுவனங்களின் இயந்திரத்தில் ஒருமுறை இயங்கிய புரொசசர் அந்நிறுவனத்தின் போர்டோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டுவிடும், வேறெதிலும் இயங்காது. ரெஜிஸ்டர்ட் ரேமைச் சாதாரண டெஸ்க்டொப் போர்டில் போட முடியாது என்பதால், பின்னொரு நாள் மாறும்போது அது கைகொடுக்காது. கொழும்பு யூனிட்டி பிளாசாவரை போய் வாங்குவதானால், கணினியைக் கடையிலேயே இயக்கச் சொல்லி, ரேம் முழுவதும் தெரிகிறதா என்று பார்த்து, எல்லாக் கோர்களையும் உழைக்க வைக்கும் சோதனையை அரை மணித்தியாலம் ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனித்து, உத்தரவாதக் காலத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிய பின்னரே பணத்தைக் கொடுங்கள்.