கிட்டார் ஆம்ப்புக்குத் தூக்கிச் செல்லும் கேபினெட்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்ப் வாங்குவதற்கு மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். பெடல் ஒன்று வாங்குவதென்றாலும் பத்துப் பேரிடம் கேட்கிறோம். கேபினெட் என்று வந்துவிட்டால் மட்டும், “பெட்டிதானே, உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறது, போதாதா” என்று அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. கடைசியில் காற்றை அசைப்பது அந்தப் பெட்டிதான். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைச் சட்டென்று வெட்டிவிடும். டிஸ்டார்ஷன் காதுக்கு இதமாகக் கேட்பதே அந்த வெட்டினால்தான். அதே சிக்னலைப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரில் விட்டுப் பாருங்கள், தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் இருக்கும். ஸ்பீக்கரை மாற்றினால் பாதி ஆம்ப்பையே மாற்றிய மாதிரி.

தூக்கிச் செல்வதற்கென்று வாங்கும்போது எடையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஒலி ஒரு பக்கம் இழுக்கும், முதுகு இன்னொரு பக்கம் இழுக்கும். தவறுகள் பெரும்பாலும் அந்த இழுபறியில்தான் நடக்கின்றன.

ஆம்ப்பின் முதுகைப் படிக்காமல் பெட்டி தேடுவது

இருப்பதிலேயே விலை உயர்ந்த தவறு இதுதான். ஆம்ப்பின் பின்பக்கம், ஸ்பீக்கர் ஜாக்குக்குப் பக்கத்தில் 4 ஓம், 8 ஓம், 16 ஓம் என்று எழுதியிருக்கும். கேபினெட்டின் பின்னாலும் ஓர் எண் இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம் டியூப் ஆம்ப்புக்கு ஒரு மாதிரி, டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு வேறு மாதிரி.

டியூப் ஆம்ப்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 8 ஓம் ஜாக்கில் 8 ஓம் பெட்டி, 16 ஓம் ஜாக்கில் 16 ஓம் பெட்டி என்று நேராகப் போய்விடுங்கள். ஸ்பீக்கரே செருகாமல் ஆம்ப்பை ஆன் செய்து வாசிப்பது எல்லாவற்றிலும் கேடு. போக்கிடம் இல்லாத ஆற்றல் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளில் உயர்ந்த வோல்டேஜாக எழும்பி இன்சுலேஷனைத் துளைத்துவிடக்கூடும். முதலில் ஸ்பீக்கர் கேபிள், அப்புறம்தான் பவர் சுவிட்ச். கை தானாகச் செய்கிற பழக்கமாக இது ஆகிவிட வேண்டும்.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் ‘குறைந்தபட்சம் 4 ஓம்’ என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். அதற்கு 8 ஓம் பெட்டி கொடுத்தால் கெடுதல் இல்லை, பவர் மட்டும் குறையும். 4 ஓமில் 100 வாட் தரும் ஆம்ப், 8 ஓமில் 50, 60 வாட் அளவுக்கு இறங்கிவிடும். புதுப் பெட்டி மாற்றியதும் ஆம்ப் சோர்ந்துவிட்டது என்று பழுது பார்க்கக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. பழுது ஒன்றும் இருக்காது. எழுதியிருக்கும் எண்ணுக்குக் கீழே போவதுதான் ஆபத்து, ஆம்ப் சூடேறி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

பின்னால் இரண்டாவது பெட்டி சேர்க்கும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே கணக்குப் போடுங்கள். ஆம்ப்பின் இரண்டு ஸ்பீக்கர் ஜாக்குகள் பெரும்பாலும் பேரலலாகத்தான் இணைந்திருக்கும். இரண்டு 8 ஓம் பெட்டிகள் சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 16 ஓம் சேர்ந்தால் 8 ஓம். 8 ஓமுக்குக் கீழே போகக்கூடாத ஆம்ப்புக்கு முதலில் ஒரு 8 ஓம் பெட்டி வாங்கிவிட்டால், இரண்டாவதுக்கு வழி அடைபட்டுவிடும்.

ஸ்டிக்கரை நம்பியும் நான் ஏமாந்திருக்கிறேன். பழைய பெட்டி ஒன்று, பின்னால் 16 ஓம் என்று அழகாக அச்சிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து, கேபிளைப் பெட்டியில் செருகி மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்தேன். முள் 6.4-ல் நின்றது. முன்பு வைத்திருந்தவர் ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறார், ஸ்டிக்கரை மாற்றவில்லை. மீட்டர் காட்டுவது நேர்மின்தடை என்பதால் எழுதிய எண்ணைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும், 16 ஓம் ஸ்பீக்கர் 12, 13 பக்கம், 4 ஓம் ஸ்பீக்கர் 3 அல்லது அதற்குச் சற்று மேல். பழைய பெட்டி பார்க்கப் போகும்போது மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

வாட் எண்ணையே கண்ணாகப் பார்ப்பது

கேபினெட்டில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதே இல்லை. எவ்வளவு பவரை எரியாமல் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. சத்தத்தைச் சொல்லும் எண் சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று அளப்பார்கள். கிட்டார் ஸ்பீக்கர்களில் 97-ம் உண்டு, 100-ம் உண்டு. மூன்று டெசிபல்தானே என்று தோன்றும். ஆனால் 3 டெசிபல் கூட்ட ஆம்ப்பின் பவரை இரட்டிப்பாக்க வேண்டும். 100 டெசிபல் ஸ்பீக்கரில் 20 வாட் ஆம்ப் செய்கிற வேலையை, 97 டெசிபல் ஸ்பீக்கரில் செய்ய 40 வாட் ஆம்ப் வேண்டும். கூடுதல் எடையும் செலவும் இல்லாமல் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்றால் இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விளம்பரத் தாளில் அது கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும்.

தாங்கும் வாட்டிலும் கஞ்சத்தனம் கூடாது. டியூப் ஆம்ப்பில் எழுதியிருப்பது சுத்தமான ஒலிக்கான கணக்கு. முழுக்கத் திருப்பி டிஸ்டார்ஷனில் ஓட்டும்போது ஏறக்குறைய இரண்டு மடங்குவரை போகும். 20 வாட் ஆம்ப்புக்கு 25 வாட் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் போட்டு மணிக்கணக்கில் முழு வால்யூமில் ஓட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) கருகும். 40 வாட்டுக்கு மேல் தாங்கும் ஸ்பீக்கராக இருந்தால் நிம்மதியாக வாசிக்கலாம். அதற்காக 15 வாட் ஆம்ப்புக்கு 150 வாட் ஸ்பீக்கர் தேடவும் வேண்டாம். கனத்த ஸ்பீக்கர் சின்ன ஆம்ப்பில் கடைசிவரை இறுக்கமாகவே நிற்கும். அந்த இறுக்கம் சிலருக்குப் பிடிக்கும், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு (கோன்) தானே சற்றுக் குழைந்து முனகும் அந்த ஒலியை விரும்புகிறவர்களுக்குப் பிடிக்காது.

மேடையைப் பார்த்துப் பெட்டி வாங்குவது

நாலு ஸ்பீக்கர் பெட்டிகள் மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற தோரணை யாரையும் இழுக்கும். அது பிறந்த கதையிலேயே தூக்குகிறவர்களின் பாடு இருக்கிறது. 1960-களின் நடுவில் ‘தி ஹூ’ ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், 8 ஸ்பீக்கர் வைத்த ஒரே பெட்டியை ஆம்ப் தயாரிப்பாளர் ஜிம் மார்ஷலிடம் கேட்டு வாங்கினார். சாமான் தூக்கும் ஆட்களால் அதைச் சமாளிக்க முடியவில்லை. பிறகுதான் அது நாலு நாலாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. அந்தப் பாதிப் பெட்டியும் இன்றைக்கு 35 கிலோவுக்கு மேல் இருக்கும். மேடையில் மைக் வைக்கிறார்கள் என்றால் அது ஒரு ஸ்பீக்கரின் முன்னால்தான் நிற்கிறது. அரங்கின் பின்வரிசைக்குப் போவது அந்த ஒரு ஸ்பீக்கரின் ஒலி.

தனியாகத் தூக்கிப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று வைத்த பெட்டி. 10 முதல் 16 கிலோவுக்குள் நல்லதே கிடைக்கும். எடையில் பாதிக் கதை காந்தத்தில் இருக்கிறது. செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் மட்டும் 4.7 கிலோ. நியோடைமியம் காந்தம் வைத்த 12 இன்ச் ஸ்பீக்கர்கள் 2 கிலோ அளவிலேயே வருகின்றன.

மீதிக் கதை மரம். பிர்ச் பிளைவுட் உறுதி, அடி வாங்கினாலும் தாங்கும். பைன் இன்னும் இலேசு, பெட்டியும் கொஞ்சம் சேர்ந்து அதிரும். எம்.டி.எஃப். பெட்டியைத் தூக்கித் திரிகிறவர்கள் தவிர்த்துவிடலாம். கனம் அதிகம், ஈரம் பட்டால் ஓரம் உப்பும், கைப்பிடி ஸ்குரூ பிடிமானம் இழக்கும். எடையை மட்டும் குறைக்கப்போய் ரொம்பச் சின்ன மூடிய பெட்டி வாங்கினால் பேஸ் சுருங்கி, நடு ஒலி மட்டும் டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வரும்.

பார்க்கும்போதே தூக்கிப் பாருங்கள். இரண்டு அடி நடந்து வைத்துவிடுவது போதாது. ஒரு கையில் கிட்டார் பையை மாட்டிக்கொண்டு மறுகையில் பெட்டியுடன் ஒரு மாடி ஏறி இறங்குங்கள். கைப்பிடி நடுவில் இல்லாத பெட்டி ஒவ்வொரு படியிலும் முழங்காலை இடிக்கும்.

பின்பலகையைக் கவனிக்காமல் விடுவது

பின்பக்கம் திறந்த பெட்டி, பின்னாலும் ஒலியை விடும். அறை முழுக்கப் பரவும், டிரம்மருக்கும் கேட்கும். ஆனால் முன்னால் வரும் பேஸும் பின்னால் வரும் பேஸும் எதிரெதிராக இருப்பதால் கொஞ்சம் ஒன்றையொன்று தின்றுவிடும். மூடிய பெட்டியில் பேஸ் கெட்டியாக நிற்கும், ஒலி முன்பக்கமாகவே பாயும். கனத்த ரிஃப் வாசிக்கிறவர்களுக்கு மூடியது, சின்ன இடத்தில் கிளீன் டோன் வாசிக்கிறவர்களுக்குத் திறந்தது என்று பொதுவாகச் சொல்லலாம். பின்பலகையில் ஒரு துண்டைக் கழற்றி மாட்டக்கூடிய பெட்டி கிடைத்தால் அதை எடுத்துவிடுங்கள், இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நின்றபடி கேட்டு முடிவு செய்வது

12 இன்ச் கோன் டிரெபிளை ஒரு டார்ச் வெளிச்சம்போல் நேராக அடிக்கும். தரையில் வைத்த பெட்டியின் வெளிச்சம் நம் முழங்காலில் விழுகிறது. நாம் மேலே நின்றுகொண்டு, டோன் மங்கலாக இருக்கிறதே என்று டிரெபிளைத் திருப்பிக்கொண்டே போவோம். ஒரு தடவை அப்படியே குனிந்து காதை ஸ்பீக்கர் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் என்ன பாடுபடுகிறார் என்று அப்போது தெரியும். பெட்டியை நாற்காலி உயரத்துக்கு ஏற்றி, கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டு டோனைச் சரிசெய்யுங்கள். சாய்வு ஸ்டாண்டின் விலையையும் பெட்டியின் விலையோடு சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

தவறான இரட்டையைச் சேர்ப்பது

டிஜிட்டல் மாடலர் (ஆம்ப், கேபினெட் ஒலிகளை டிஜிட்டலில் போலச்செய்யும் கருவி) வைத்திருப்பவர்கள் பவர் ஆம்ப் வழியாகக் கிட்டார் கேபினெட்டில் வாசித்தால், மாடலருக்குள் இருக்கும் கேபினெட் ஒலியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு பெட்டிக்குள் புகுந்து வந்து, போர்வை போர்த்திய மாதிரி இருக்கும். எஃப்.ஆர்.எஃப்.ஆர். வகைப் பெட்டிக்கு, அதாவது எல்லா ஒலியையும் வெட்டாமல் அப்படியே தரும் பெட்டிக்கு, இது தலைகீழ், அதில் கேபினெட் ஒலி ஆனில் இருக்க வேண்டும். அந்த வகையில் சொந்தமாகப் பவர் உள்ள பெட்டியும் கிட்டார் கேபினெட் மாதிரியே உடை போட்டுக்கொண்டு நிற்கும். ஆம்ப் ஹெட்டின் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்பின்) ஸ்பீக்கர் அவுட்டை அதன் இன்புட்டில் செருகினால் இரண்டில் ஒன்று, சில சமயம் இரண்டுமே போய்விடும். பின்னால் மின்சார வயர் செருகும் இடம் இருந்தால் அது வேறு ஜாதி என்று புரிந்துகொள்ளுங்கள்.

கேபிளும் இதே கதைதான். கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் முனையில் ஒரே ஜாக் போட்டிருக்கும். கிட்டார் கேபிளின் உள்வயர் மெல்லியது, ஸ்பீக்கருக்குப் போகும் கரண்டைத் தாங்க அது செய்யப்படவில்லை. ஸ்பீக்கர் கேபிளைப் பெட்டியோடு சேர்த்தே வாங்கி, மறக்காமல் ஒரு நிற டேப் சுற்றிவையுங்கள்.

பெட்டியைச் சோதிக்கும்போது உங்கள் கிட்டாரும் உங்கள் ஆம்ப்பும் இருக்கட்டும். ரிகர்சலில் வைக்கிற வால்யூமுக்கு ஏற்றுங்கள். லோ ஈ கம்பியில் ஆரம்பித்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக ஏறிப் போங்கள். ஏதோ ஒரு நோட்டில் மட்டும் ‘ஜிர்ர்’ என்று ஓர் ஓசை ஒட்டிக்கொண்டு வந்தால், நண்பரை அதே நோட்டை வாசித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, கைப்பிடி, பின்பலகை, முன்துணிச் சட்டம், ஜாக் தகடு என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தியதும் ஓசை நின்றால் ஒரு ஸ்குரூவோடு முடிகிற வேலை. எங்கே அழுத்தினாலும் நிற்கவில்லையென்றால் அது ஸ்பீக்கருக்குள்ளேயோ மர இணைப்பிலோ இருக்கிறது. அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.