‘அனதர் வேர்ல்ட்’ விளையாட்டை இன்று ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1991-ல் அமிகா, அட்டாரி எஸ்டி கணினிகளுக்கு வெளிவந்த ‘அனதர் வேர்ல்ட்’, எரிக் ஷாஹி என்ற பிரெஞ்சுக்காரர் ஏறக்குறையத் தனியாளாக இரண்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அறிவியல் புனைவு விளையாட்டு. இன்று அதைத் திறப்பவர்களில் பலர் சில நிமிடங்களிலேயே சலித்து மூடிவிடுகிறார்கள். இவ்வளவு அருமையான ஒன்றை அப்படி இழப்பது வருத்தம் தருகிறது.

அறிமுகக் காட்சி ஓடும்போது சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது முதல் தவறு. துகள் முடுக்கி ஆய்வின் நடுவே மின்னல் தாக்கி, லெஸ்டர் என்ற இயற்பியலாளர் வேற்றுலகின் நீருக்குள் விழுகிறார். ‘தொடங்கு’ என்று எந்த அறிவிப்பும் வராது. அந்த நொடியிலிருந்து பொறுப்பு உங்களுடையது. மேலே நீந்தாவிட்டால் ஆழத்திலிருந்து நீளும் உணர்கரங்கள் இழுத்துக்கொள்ளும். மதிப்பெண், உயிர்ப்பட்டை, குறிப்புரை எதுவும் திரையில் இல்லை என்பதால், விளையாட்டு உங்களிடம் பேசும் ஒரே வழி அசைவும் ஒலியும்தான்.

பக்கத்தில் தீர்வுக் குறிப்பை விரித்து வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் பெரிய தவறு. இந்த விளையாட்டில் சாவுதான் ஆசிரியர். அட்டை போன்ற சிறு உயிரினம் காலில் கீறினால் லெஸ்டர் சரிந்துவிடுவார். அடுத்த முறை அதை உதைக்கவோ தாண்டவோ கை தானாகப் பழகியிருக்கும். கரிய மிருகம் ஒன்று துரத்தும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்தத் தவிப்பைப் பறித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் விசை அழுத்தும் பயிற்சி. பின்னர் ஓரிடத்தில், மேலிருந்து தொங்கும் உருண்டையில் கீழே நடமாடும் காவலனின் பிம்பம் தெரியும். அது ஏன் அங்கே இருக்கிறது என்று நின்று யோசிப்பவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி, குறிப்பைப் பார்த்துச் செய்பவருக்குக் கிடைக்காது. பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருளான எமுலேட்டரின் ‘பின்னோக்கி ஓட்டு’ வசதியும் இதே கேட்டைத்தான் செய்கிறது. பிழையின் விளைவை முழுதாகப் பார்ப்பதற்குள் அதை அழித்துவிடுகிறது. ஒரே திரையில் நெடுநேரம் சிக்கி மனம் சோர்ந்தால், மறுநாள் வாருங்கள். விட்ட இடத்துக்கு அருகில் மீண்டும் தொடங்க, பழைய பதிப்பில் நான்கெழுத்துக் குறியீடுகள் உண்டு. அவற்றைக் குறித்து வைத்துக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை.

துப்பாக்கி கிடைத்ததும் சரமாரியாகச் சுடத் தொடங்குவதும் ஆகாது. பொத்தானைத் தட்டினால் ஒரு குண்டு. சற்றுப் பிடித்து விட்டால் முன்னால் ஒரு கவசம். இன்னும் பிடித்திருந்தால் சுவரையும் எதிரியின் கவசத்தையும் தகர்க்கும் பெருவெடிப்பு. எதிரிகளும் இதே முறையில் போரிடுவதால், கவசத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். ஆற்றல் செலவாகும், மீண்டும் ஏற்றிக்கொள்ளும் இடமும் உண்டு. கண்ணில் பட்டால் கடந்து போகாதீர்கள். கூண்டிலிருந்து உங்களோடு தப்பும் வேற்றுலக நண்பர் கதவைத் திறக்கும் வரை காவலர்களைத் தடுத்து நிறுத்துவது உங்கள் வேலை.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் தேவை. 15-ஆம், 20-ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்புகள் கூர்மையான பின்னணிகளுடன் வந்தன. பின்னதில் பழைய ஓவியத்துக்கு மாறும் வசதியும், கடினத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கின்றன. முதல் முறை பழைய ஓவியத்திலேயே ஆடுவது நல்லது என்பேன். பதினாறு வண்ணங்களில், தட்டையான பலகோணங்களால் வரைந்த அந்த உருவங்கள் குறைபாடல்ல; குறைந்த நினைவகத்தில் திரைப்படம் போன்ற அசைவைக் கொண்டுவர ஷாஹி தேர்ந்தெடுத்த வழி. எமுலேட்டரில் மங்கலாக்கும் வடிப்பானைப் போட்டாலும், அகலத்திரைக்கு இழுத்து நீட்டினாலும் அந்த ஓவியம் கெட்டுவிடும். ஒலியையும் அணைக்காதீர்கள். அமெரிக்க வெளியீட்டாளரான இன்டர்பிளே அறிமுக இசையை மாற்ற விரும்பியபோது, அது மாறக்கூடாது என்று எழுதிய தாளின் முனைகளை ஒட்டி வளையமாக்கி, ஓயாத ஃபேக்ஸாக ஷாஹி அனுப்பினார். அவ்வளவு பிடிவாதமாகக் காத்த இசை அது.

வழி தெரிந்தவர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்பதால், ‘இவ்வளவுதானா’ என்று அவசரப்படுவோர் உண்டு. விளையாட்டில் வரும் மின்தூக்கியில் கீழே இறங்கும் முன் ஒருமுறை மேலே போய்ப் பாருங்கள். அங்கே ஆபத்து இல்லை, பரிசும் இல்லை. அந்த உலகின் விரிவு மட்டும் சாளரத்துக்கு வெளியே தெரியும். கதையை முன்நகர்த்தாத அந்தத் திரையையும் ஷாஹி மெனக்கெட்டு வரைந்திருக்கிறார்.